குறைந்த பொருட்செலவில் வர்த்தகப் படம்

(வேளச்சேரியில் கூடிய நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



இவ்வூரில் நம்மவர் நடத்திவரும் கடைகள் பெரும்பாலும் சிறியன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சரக்கை இழந்து, கடன் வாங்கி ஒருவாறு நிமிர்ந்து, 2023 டிசம்பர்ப் புயல் மழையில் மீண்டும் சரக்கை நீருக்குக் கொடுத்தவர் இச்சபையிலேயே உளர். பீனிக்ஸ் மார்க்கெட்சிட்டி 2013-ல் திறக்கப்பட்டது. இப்பொழுதோ வீட்டிலிருந்தபடியே சாமான் தருவித்துக்கொள்ளும் வழக்கமும் வலுத்துவிட்டது. ஆகவே வாடிக்கைக்காரர் கையிலுள்ள கைப்பேசிக்கே நமது கடை சென்று சேரவேண்டியிருக்கிறது. அதற்கு உற்ற சாதனம் ஒரு நிமிஷப் படம்.

அப்படமெடுக்கப் பெருந்தொகை கொடுத்த நம் அங்கத்தினர் ஒருவர் அதனை எமக்குக் காட்டினார். ஆகாயக் காட்சியும் அதிரும் வாத்தியமும் மிகுதி. கடையின் பெயரும் இடமும் முடிவில் இரண்டு விநாடி தோன்றி மறைந்தன. அவர் விற்பது இன்னதென்று அப்படத்தைக் கொண்டு எம்மால் அறியக்கூடவில்லை.

தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படமாகிய ‘கீசக வதம்’ சுமார் 1917-ல் எடுக்கப்பட்டது. எடுத்தவர் ஆர். நடராஜ முதலியார், மோட்டார் உதிரிப்பாக வியாபாரி. புனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேயரிடம் படப்பிடிப்புத் தொழிலைச் சின்னாட்களில் கற்றுவந்து, கீழ்ப்பாக்கத்தில் படநிலையம் அமைத்தார். தளத்திற்கு மேற்கூரை யாதெனில் மெல்லிய வெள்ளைத் துணி! வெயில் அதனூடே வடிகட்டப்பெற்றுச் சமனாக இறங்கிற்று. அப்படம் இன்று கிடைக்கவில்லை. ஆனால் அத்துணியின் யுக்தி நமக்குக் கிடைத்திருக்கிறது. கடைச் சன்னலில் வெயில் நேரே விழுமாயின் ஒரு பழைய மல் வேட்டியைக் குறுக்கே கட்டுங்கள். பேசுவோர் சன்னலுக்கு முதுகு காட்டாது, அதனை நோக்கிச் சற்றே சாய்ந்து நிற்கட்டும். முகத்தின் மறுபுறம் இருண்டால் வெள்ளைத் தெர்மாகோல் பலகையொன்றை எதிரே நிறுத்தினால் போதும். சினிமாக்காரரும் இதனையே செய்வர். இயற்கையொளியைக் கொண்டே பெரும்பெயர் பெற்ற பாலு மகேந்திரா நம் தமிழ்ப் படவுலகில் இருந்தவரன்றோ?

மின்விளக்கில் எடுக்கும்போது ஒரு நுட்பமுண்டு. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்றுடையது. கருவியை விநாடிக்கு 25 படமென்றும், ஒவ்வொரு படத்திற்கும் ஒளி புகும் காலத்தை 1/50 விநாடியென்றும் வைத்தால் திரையில் வரி ஓடுவதும் மினுக்குவதும் பெரும்பாலும் நீங்கும். கருவியைக் கையிற் பிடியாது முக்காலியில் வைப்பது அவசியம்.

நிற்க. ஒளியினும் ஒலியே பெரிது என்பது எமது துணிபு. மங்கிய படத்தைப் பொறுப்பவர் தெளிவற்ற பேச்சைப் பொறுப்பதில்லை. வேளச்சேரிப் பிரதான சாலையில் பேருந்துகளின் ஊதுகுழலுக்கு ஓய்வேது? விடியற்காலையிலோ கடையடைத்த பின்னரோ பதிவு செய்க. சட்டையிற் செருகும் சிறு ஒலிவாங்கி ஒன்று வேண்டும். பணம் செலவிடத் தக்க முதற் பொருள் அதுவே. மின்விசிறியையும் குளிர்ப்பெட்டியையும் நிறுத்திவிடுங்கள். பெட்டியை மீண்டும் இயக்க மறந்தால் பாலும் தயிரும் கெடும். ஆதலின் உங்கள் வண்டிச் சாவியை அப்பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுக. சாவியின்றி வீடு திரும்ப முடியாதல்லவா!

நடிகரை அமர்த்துவதா என்று சிலர் கேட்கின்றனர். வேண்டாம். 1978-ல் தொழில் தொடங்கிய வசந்த் அண்ட் கோ அதிபர் எச். வசந்தகுமார் அவர்கள் 2020-ல் மறைந்தார். தம் நிறுவன விளம்பரங்களில் அவரே புன்முறுவலோடு தோன்றியதை நாமனைவரும் கண்டோம். அமெரிக்காவில் மைக்கேல் டூபின் என்பார் 2012-ல் தமது சவர அலகு வியாபாரத்திற்காகச் சுமார் 4,500 டாலரில் ஒரே நாளில் எடுத்த படத்தில் தாமே பேசினார். இரண்டு நாளில் 12,000 பேர் வாடிக்கையாகச் சேர்ந்தனர். அவர் பேச்சில் ஹாஸ்யம் நிரம்பியிருந்தது. அது எல்லார்க்கும் வாராது. நம்மவர் இன்ன சரக்கு, இன்ன விலை, இன்ன இடம் என்பதைத் தம் வாயாற் சொன்னாலே நம்பிக்கை பிறக்கும். முதல் ஐந்து விநாடியிற் சரக்கைக் காட்டுங்கள். ஒலியடக்கிப் பார்ப்போர் பலராதலின் பேச்சைக் கீழே எழுத்திலும் பொறியுங்கள். வெட்டி ஒட்டும் வேலைக்கு டாவின்சி ரிசால்வ் என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கின்றது; பள்ளி விடுமுறையில் நம் பிள்ளைகள் அதனைக் கற்றுக்கொள்வர்.

சினிமாப் பாட்டைப் பின்னணியில் வைக்கலாகாது. அது பிறருடைய உடைமை. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அதனைக் காக்கின்றது. யூடியூப் நிறுவனமே உபயோகத்திற்கென இலவச இசை வைத்திருக்கிறது. பொய் கூறுதலும் தகாது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஏமாற்றும் விளம்பரத்திற்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். விமான நிலையம் அருகிலிருப்பதால் அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிடுவதும் ஆபத்து.

இறுதியாக ஒரு வேண்டுகோள். ஒலிவாங்கி இரண்டு, முக்காலி ஒன்று, விளக்கு இரண்டு ஆகியவற்றைச் சங்கச் செலவில் வாங்கி, அங்கத்தினர்க்கு முறைவைத்து இரவல் தரவேண்டுகிறோம். வெள்ளத்தில் இருமுறை சரக்கிழந்தவர்க்கு முதல் முறை தருவது நியாயம். காரியதரிசி அவர்கள் இதனை அடுத்த நிர்வாக சபைக்கு எடுத்துச் செல்ல இசைந்துள்ளார். பெயர் பதிய விரும்புவோர் இன்றே அவரிடம் பதியலாம்.