‘சைலண்ட் நைட்’ யாருடைய பாட்டு?



டிசம்பர் வந்தால் நம் வளாகத்திலும் கேரல் பாடுகிறோம். எந்த மதத்தினரானாலும் ‘சைலண்ட் நைட்’ மெட்டு தெரியாதவர்கள் குறைவு. எழுதியவர் யார் என்று கேட்டால்தான் யோசிப்போம்.

ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஜோசப் மோர் என்ற இளம் பாதிரியார் 1816-இல் ஜெர்மன் மொழியில் எழுதிய கவிதை அது. பிறகு அவர் சால்ஸ்பர்க் அருகே ஓபர்ன்டார்ஃப் என்ற ஊருக்கு வந்தார். அங்கே ஆர்கன் வாசித்தவர் ஃபிரான்ஸ் குரூபர் என்ற பள்ளி ஆசிரியர். 1818 டிசம்பர் 24 அன்று கவிதையை அவரிடம் கொடுத்து மெட்டுப் போடச் சொன்னார் மோர். அன்றிரவே இருவரும் தேவாலயத்தில் கித்தாருடன் பாடினார்கள்.

டிரோல் மலைநாட்டுப் பாடகர் குடும்பங்கள் அதை வெளியூர்களுக்குக் கொண்டுபோயின. ஆனால் பெயர்கள் கூடவே போகவில்லை. நாட்டுப்பாடல் என்றார்கள், ஹெய்டன் மெட்டு என்றும் சொன்னார்கள். 1854-இல் பெர்லினிலிருந்து விசாரணை வந்தபோது குரூபர் நடந்ததை எழுதிக் கொடுத்தார். மோர் 1848-லேயே காலமாகியிருந்தார்.

1995-இல் மோரின் கையெழுத்துப் பிரதி ஒன்று கிடைத்தது. மெட்டு குரூபருடையது என்று அதில் அவரே எழுதியிருக்கிறார். வங்கியில் வேலை பார்த்த எனக்கு, அடுத்தவர் வரவை அவர் கணக்கிலேயே சரியாக எழுதிய அந்த நேர்மைதான் மனதில் நின்றது.

இந்த ஆண்டு நாம் அச்சிடும் பாட்டுத் தாளில் பாட்டின் கீழே இருவர் பெயரையும் சேர்ப்போமா? ஒரு வரிதான் கூடும். பிள்ளைகளும் தெரிந்துகொள்வார்கள்.