மருத்துவர்க்குச் சேரும் பணமும் நமக்குத் திறக்கும் கதவும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழா மேடையில் நோயைப் பற்றிப் பேசலாகாது என்று நம் செயலாளர் அன்போடு எச்சரித்தார். ஆயினும் சென்ற மழைக்காலத்தில் நம் காலனியில் நிகழ்ந்ததைக் கண்டபின் வேறொன்றைப் பேச எனக்கு மனம் வரவில்லை.

அறுபது வயது கடந்த அம்மையார் ஒருவர் படியில் வழுக்கி விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது. அரசின் காப்பீட்டு அட்டை அவர் கையில் இருந்தது. நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டு சென்றோம். பெயர் வேண்டாம். "பழைய பாக்கியே வந்து சேரவில்லை, எலும்பு அறுவைக்கு இப்பொழுது அட்டையை ஏற்பதில்லை" என்றனர். மருமகளின் வளையல்கள் அன்று மாலையே அடகுக் கடைக்குச் சென்றன.

அன்று நான் அந்த மருத்துவமனைமீது கடுஞ்சினம் கொண்டேன். பிறகு கணக்கைக் கேட்டறிந்தேன். சினம் பாதி தணிந்தது.

கேரளத்தில் காருண்ய ஆரோக்கிய சுரட்சா திட்டம் 2019-இல் தொடங்கியது. ஏறத்தாழ 42 லட்சம் குடும்பங்கள் இதில் உள்ளன. குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. மத்திய அரசோ ஏறத்தாழ 24 லட்சம் குடும்பங்களை மட்டுமே கணக்கில் கொண்டு, குடும்பத்திற்கு 1,052 ரூபாய் என வைத்து, அதில் நூற்றுக்கு அறுபது பங்கு தருகிறது. எஞ்சிய பாரம் மாநிலத்தின் தலைமேல்.

ஒவ்வோர் அறுவைக்கும் ஒரே விலை. மருத்துவர் ஊதியம், படுக்கை, மருந்து, சோதனை யாவும் அதனுள் அடங்கும். விலையைக் குறைத்தால் எது குறையும்? மருந்துக் கடைக்காரர் விடமாட்டார். செவிலியர்க்கு மாதந்தோறும் சம்பளம் தந்தாக வேண்டும். மருத்துவரின் பங்கு ஒன்றே தள்ளிப் போடக் கூடியது. அவரோ ரொக்கம் தரும் நோயாளியை நாடுகிறார். அட்டையை ஏற்க மாட்டோம் என்று எவரும் பலகை மாட்டுவதில்லை. "அடுத்த மாதம் வாருங்கள்" என்பார்கள், அவ்வளவே.

ஒப்புக்கொண்ட தொகையை ஓராண்டு கழித்துத் தருவதும் குறைத்துத் தருவதும் ஒன்றே என்பேன். 2023-இல் தனியார் மருத்துவமனைகளின் சங்கம் ஏறத்தாழ 300 கோடி ரூபாய் பாக்கி என்று கூறி, அக்டோபர் முதல் நாளோடு திட்டத்திலிருந்து விலகுவதாக அறிவித்ததே, நினைவிருக்கிறதா?

செல்வம் மிகுந்த அமெரிக்காவிலும் இதே கதைதான். முதியோர் காப்பீட்டில் மருத்துவர்க்குத் தரும் தொகையைக் கட்டுப்படுத்த 1997-இல் ஒரு சட்டம் செய்தனர். 2002-இல் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தது. அதன்பின் வெட்டு நெருங்கும்போதெல்லாம், மருத்துவர்கள் முதியோரைக் கைவிடுவார்களோ என்று அஞ்சி அதை ஒத்திவைத்தே வந்தனர்; 2015-இல் அந்த ஏற்பாட்டையே நீக்கினர்.

மருத்துவர்கள் யாவரும் உத்தமர் என்று நான் வாதாடவில்லை. அட்டையையும் வாங்கிக்கொண்டு மேசைக்கடியில் கை நீட்டுவோரும் உண்டு. அவர்களைப் பிடித்துத் தண்டிக்கட்டும். அதற்காக நேர்மையானவரின் ஊதியத்தை நிறுத்துவது என்ன நியாயம்?

தனியார் கதவு மூடினால் கூட்டம் எங்கே செல்லும்? நம் களமசேரி மருத்துவக் கல்லூரிக்கே. 2013-இல் அரசு ஏற்றுக்கொண்ட அந்த மருத்துவமனைக்கும் இதே காப்பீட்டுப் பணம் வரவேண்டியுள்ளது என்பதைப் பலர் அறியார். வரிசை அங்கே நீள்கிறது, வரவு நீள்வதில்லை. நம் அம்மையாரும் இறுதியில் அங்கேதான் அறுவை செய்துகொண்டார். பதினொரு நாள் காத்திருந்தார். அந்தப் பதினொரு நாளும் அவர் மகன் ஆலைக்குச் செல்லவில்லை, கூலியும் இல்லை.

மாநிலத்திற்குள் நடந்த சிகிச்சைக்குப் பதினைந்து நாளில் பணம் தரவேண்டும் என்பது தேசியத் திட்டத்தின் விதி. புதிய சலுகை எதையும் நாம் கேட்கவில்லை. அந்த விதியை நடைமுறைப்படுத்துமாறு முதலமைச்சருக்கு விண்ணப்பம் ஒன்று எழுதியுள்ளோம், மலையாளத்திலும் தமிழிலும். வாயிலருகே மேசையில் தாள் இருக்கிறது. சிற்றுண்டிக்குச் செல்லுமுன் கையொப்பம் இட்டுச் செல்லுங்கள், தாய்மார்களும் இடவேண்டும்.