புளியங்கொட்டையும் தவணைக் கணக்கும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரை படித்தவள். வீட்டு வேலை, ரெண்டு மாடு, அதோடு எங்கள் குழுவுக்கு ஊக்குநர். உறுப்பினரோடு தனியாக உட்கார்ந்து பேசுவதைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

குழுக் கூட்டம் நடத்துவது நமக்கெல்லாம் பழகிவிட்டது. பஞ்ச சூத்திரத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். தவணை நின்றுபோன ஒருத்தரைத் தனியாகப் பார்க்கப் போகும்போதுதான் சிக்கல். நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் நின்றாலே அவங்க முகம் சுருங்கிவிடும். "ஏன்க்கா கட்டலை?" என்றால் "அடுத்த மாசம் கட்டிடறேன் கண்ணு" என்பார்கள். அடுத்த மாசம் கூட்டத்துக்கே வர மாட்டார்கள்.

அதனால் நான் நோட்டு எடுத்துப் போவதில்லை. ஒரு சுருக்குப் பையில் புளியங்கொட்டை எடுத்துப் போகிறேன். அந்த வீட்டில் பல்லாங்குழி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் திண்ணையில் சாக்பீஸால் 14 வட்டம் போட்டால் போச்சு.

உட்கார்ந்ததும் ஒரு கணக்குப் புதிர் போடுவேன். நீங்களும் மனசுக்குள் போட்டுப் பாருங்கள். குழுவில் 12,000 ரூபாய் கடன், நூத்துக்கு மாசம் 1 ரூபாய் வட்டி, மாசம் 1,000 அசல் கட்ட வேண்டும். 12 மாசத்தில் மொத்த வட்டி எவ்வளவு? முக்கால்வாசிப் பேர் 1,440 என்பார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் 12 கொட்டையைத் தரையில் வைப்பேன். ஒரு கொட்டை 1,000 ரூபாய். தரையில் இருக்கும் கொட்டைக்கு மட்டும் ஆளுக்கு 10 ரூபாய் வட்டி. மாசம் ஒரு கொட்டையை எடுத்துவிட வேண்டும். முதல் மாசம் 120, அடுத்த மாசம் 110, அப்புறம் 100. கடைசியில் கூட்டினால் 780 ரூபாய்தான் வரும். எங்கள் குழுவில் பள்ளிக்கூடமே போகாத ஒரு பாட்டி இதை எனக்கு முன்னால் சொல்லிவிட்டார். முதல் மாசத்தையும் கடைசி மாசத்தையும் சேர்த்தால் 13 கொட்டை, ரெண்டாவதையும் 11-ஆவதையும் சேர்த்தாலும் 13, இப்படி ஆறு ஜோடி, ஆக 78 என்றார். நெல் அளந்த கை!

சிரிப்பு வந்துவிட்டால் அடுத்தது தானாக நடக்கும். ஓர் அக்கா, மூன்று தவணை பாக்கி. அவங்க சம்மதத்தோடுதான் சொல்கிறேன், பேர் வேண்டாம். அவங்க கையில் 40 கொட்டை கொடுத்தேன். கொட்டை ஒன்று 200 ரூபாய், மாச வரும்படி 8,000. "ஒவ்வொரு செலவுக்கும் ஒரு குழி வச்சுக்குங்க, நான் வாயே திறக்கலை" என்றேன். அரிசி மளிகைக்கு ஒரு குழி, கேஸுக்கு ஒன்று, பிள்ளைக்கு, தீவனத்துக்கு. பேர் சொல்லாமல் ஒரு குழியில் 15 கொட்டையைப் போட்டார்கள். குழுத் தவணைக் குழிக்கு வரும்போது கை காலி. அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவங்களும் பார்த்தாங்க. கொஞ்ச நேரம் கழித்து "அது தண்டல்" என்றாங்க.

10,000 என்று பேசி, கையில் வந்தது 8,500. தினம் 100 ரூபாய், 100 நாள். வீட்டில்கூட யாருக்கும் தெரியாது. நோட்டை வைத்துக்கொண்டு எத்தனை முறை கேட்டிருந்தாலும் இது வெளியே வந்திருக்காது.

"இப்ப நீங்க ஊக்குநர், நான்தான் கடன் வாங்கினவ. எனக்கு என்ன வழி சொல்லுவீங்க?" என்று கேட்டேன். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, என்னை மாதிரியே குரல் வைத்து, அவங்களே வழி சொன்னாங்க: இன்னும் 60 நாள், 6,000 பாக்கி. குழுவில் 6,000 உள்கடன் கேட்டுத் தண்டலை முடிப்பது. பத்து மாசத்தில் கட்டினால் முதல் மாசம் 660 ரூபாய், அதற்கப்புறம் குறையும். 15 கொட்டை போன குழியில் மூன்றரைகூட வேண்டியதில்லை. மிச்சத்தில் பழைய தவணையும் அடையும். கூட்டத்தில் அவங்களே எழுந்து கேட்டு, எல்லோரும் சரி என்று தீர்மானம் எழுதினோம்.

கணக்கு எழுத வரும் புதுப் பெண்களுக்கும் இது மாதிரி ஒன்று செய்வேன். வேண்டுமென்றே மூன்று தப்போடு ஒரு பக்கம் வரவு செலவு எழுதிக் கொடுத்து, கண்டுபிடி என்பேன். ரெண்டைச் சட்டென்று பிடித்துவிடுவார்கள், மூன்றாவதுக்குத்தான் நகத்தைக் கடிப்பார்கள்.

எல்லா வீட்டிலும் விளையாட முடியாது. சாவு விழுந்த வீட்டிலும், அடி வாங்கி வீங்கிய முகத்தோடு இருப்பவரிடமும் பையை அவிழ்க்காதீர்கள். மாமியாரோ வீட்டுக்காரரோ பக்கத்தில் இருந்தால் புதிரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், குழிக் கணக்கு வேண்டாம். அவங்க சொன்னதைக் குழாயடியில் பேசினால், அடுத்த வீட்டில் ஒருத்தரும் ஒரு கொட்டையைக்கூட எடுத்து வைக்க மாட்டாங்க.

அந்த அக்கா தண்டலை முடித்தாச்சு. இன்றைக்கு அதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்காங்க, கை காட்டச் சொன்னால் திட்டுவாங்க. புளியங்கொட்டை தேவைப்படுகிறவர்கள் சாப்பாட்டுக்கு அப்புறம் என்னிடம் வாங்க, ஒரு படி கொண்டுவந்திருக்கேன்.