பசிக்கு வெட்கம் ஏன்?



விடியுமுன் பெரட்டுக்குப் போகும் நமக்கு, பிள்ளை தின்றதா என்று பார்க்க நேரமேது? வெறும் வயிற்றோடு அது பள்ளிக்கு ஓடுகிறது. 1970களின் இறுதியில் வந்த ஆர்.எம்.டி. என்னும் துணை உணவுத் திட்டம், வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆரம்பப் பள்ளியிலே உணவளிக்கிறது.

ஆயினும் சில பிள்ளைகள் தட்டைத் தொடுவதில்லை. காரணம் ருசியன்று, 'ஏழைச் சோறு' என்னும் கேலி. கூட்டாளியும் பக்கத்தில் அமர்ந்து உண்டால், அதே நாசி லெமாக்கை வழித்துத் தின்கிறார்கள்.

இது பிச்சையன்று, மக்கள் வரிப்பணம், பிள்ளையின் உரிமை. இதை வீட்டிலே சொல்லுங்கள். வருமானத் தாளை நிரப்பத் தெரியாதோர் கிராணிமாரிடம் கொண்டு வாருங்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே மேசையில் உண்ண வேண்டுமெனப் பள்ளிக் கூட்டத்தில் கேளுங்கள்.

பசித்த வயிற்றில் வாய்ப்பாடு ஏறாது, தோழர்களே!