பச்சை வாசனை

நம் அடுக்களையில் பச்சை வாசனை என்பது போக்கப்பட வேண்டிய ஒன்று. வதக்கியோ கொதிக்கவைத்தோ அதை விரட்டிவிடுகிறோம். பாரிஸ் நகரத்து வாசனை வல்லுநரோ அதனைச் சீசாவில் அடைத்துப் போற்றினர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் ஒரு சங்கடந்தான். வேறு சொல்லும் அகப்படவில்லை.

ஆன்ரி ரொபேர் 1970-இல் அமைத்த 'ஷனேல் எண் 19' இவ்வினத்தில் தலையாயது. கப்ரியேல் ஷனேல் அம்மையார் பிறந்தது 1883 ஆகஸ்டு 19. அந்தத் தேதியே பெயராயிற்று. 1971 ஜனவரியில் அம்மையார் மறைந்தார்.

முறித்த தண்டின் கசப்பை ஒத்த அதன் பசுமை, கால்பனம் என்னும் பிசினிலிருந்து வருவது. ஈரான் நாட்டு மலைகளில் வளரும் அச்செடி நம் பெருங்காயச் செடிக்கு நெருங்கிய உறவு! பசுமைக்கு அடியில் இருப்பது ஐரிஸ். அதன் மணம் மலரிலன்று, கிழங்கில் உள்ளது. தோண்டித் தோல் சீவி உலர்த்திய கிழங்கை ஆண்டுக்கணக்கில் காக்கவைத்தாலொழிய அம்மணம் முதிர்வதில்லை.

முதலில் முகத்தைச் சுளிக்கச் செய்யும். சற்றுப் பொறுத்தால் மென்மையாகக் கமழும். இன்று கடைகளில் சர்க்கரைப்பாகு போன்ற மணங்கள் மலிந்துவிட்டன. ஆயினும் இதனை விடாப்பிடியாகப் பற்றியிருப்போர் உளர். ஊரிலிருந்து வந்த பெருங்காய டப்பியைத் திறந்ததும் தாய்வீட்டை உணரும் நமக்கு அப்பிடிவாதம் புரியாததன்று. தீர்ந்த சீசாவையும் எறிய மனமின்றி, புடவை மடிப்புகளுக்கிடையே வைத்திருப்போரைத் தில்லியிலேயே நாம் அறிவோம்.