தேயிலைப் பெட்டிக்குப் புதுப் பூச்சு

(பாடசாலையின் நூற்றாண்டையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவரை மேடையில் ஏற்றினால் சீனி வருத்தத்தைப் பற்றியோ பிரஷரைப் பற்றியோதான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். நாங்கள் பேச வந்தது பழைய அலுமாரிக்குப் பெயின்ட் அடிப்பதைப் பற்றி. பொறுத்துக் கேளுங்கள், வைத்தியமும் இடையில் வரும்.

எங்கள் வகுப்பில் படித்த பலருக்கு வீட்டில் மேசை இருந்ததில்லை. தேயிலைப் பெட்டிதான் இருந்தது. ஒட்டுப்பலகையால் செய்து, ஓரங்களில் தகரப்பட்டி அடித்த பெட்டி. மிகப் பழைய காலத்தில் அதன் உட்புறத்தில் ஈயத் தகடு வைத்தார்கள், பிற்காலத்தில் அலுமினியத் தாள் வந்தது. பின்னர் கடதாசிச் சாக்குகள் வந்ததும் பெட்டிகளே மறைந்துபோயின. ஆனால் லயத்துக் காம்பராக்களில் அவை மறையவில்லை. கவிழ்த்து வைத்தால் மேசை, நிமிர்த்தி வைத்தால் உடுப்புப் பெட்டி, இரண்டை அடுக்கிக் கதவு போட்டால் அலுமாரி. அதன்மேல் குப்பி விளக்கை வைத்து நாங்கள் சாதாரண தரம் வரை படித்தோம்.

நூற்றாண்டுக்குப் பாடசாலைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பேசியபோது, ஆரம்பப் பிரிவுக்கு ஒரு வாசிப்பு மூலை அமைக்கலாம் என்று முடிவாயிற்று. புதுத் தளபாடம் வாங்கக் கையில் பணம் போதாது. எங்கள் வீடுகளில் இருக்கும் பழையவற்றைப் புதுப்பித்துக் கொடுப்போம் என்றோம். அப்போதுதான் எங்களில் ஒருத்தி ‘சோக் பெயின்ட்’ என்ற பேச்சை எடுத்தாள்.

இது கரும்பலகைக்குப் பூசும் பெயின்ட் அல்ல. இங்கிலாந்தைச் சேர்ந்த ஆனி ஸ்லோன் என்ற பெண்மணி 1990இல் உருவாக்கியது. காய்ந்ததும் வெண்கட்டியைத் தொட்டதுபோல மினுக்கமில்லாமல் மென்மையாக இருப்பதால் அந்தப் பெயர். தண்ணீரில் கரைவது. வழக்கமான எனமல் போல, முதலில் சேண்ட் பேப்பரால் தேய்த்து, அடிப்பூச்சுப் பூசிய பிறகுதான் அடிக்க வேண்டும் என்பதில்லை. அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் போகத் துடைத்துவிட்டு நேரே பூசலாம். இறக்குமதிச் சாமான் விலை கூடியது என்பதால், சாதாரண இமல்ஷன் பெயின்ட் மூன்று பங்குக்கு, தண்ணீரில் கரைத்த பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ் மாவு ஒரு பங்கு என்று நாங்களே கலந்தோம். கை முறிந்தவர்களுக்குக் கட்டுப் போடும் அதே மாவுதான். கலவை சீக்கிரம் இறுகிவிடும். அதனால் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கலக்க வேண்டும்.

இனி எங்கள் தவறைச் சொல்கிறோம். ஒரு சனிக்கிழமை, கினிகத்தேனையில் தோழி ஒருத்தியின் வீட்டு இஸ்தோப்பில் ஐந்து பேர் கூடினோம். அவளுடைய அம்மா கொழுந்து எடுத்த காலத்தில் சம்பாதித்து வைத்த தேயிலைப் பெட்டி அலுமாரியை வெளியே எடுத்தோம். பச்சை எனமல், அதற்கு அடியில் நீலம், அதற்கும் அடியில் சிவப்பு. இடைக்கிடை செதில் செதிலாக உரிந்திருந்தது. தேய்க்கத் தேவையில்லை என்று படித்திருந்தும், ‘சும்மா ஒருதரம் தேய்த்துவிட்டால் வடிவாக வரும்’ என்று ஆளுக்கொரு சேண்ட் பேப்பரை எடுத்தோம். பச்சைத் தூள் பறந்தது. பக்கத்தில் தோழியின் மூன்று வயதுப் பேத்தி நிலத்தில் இருந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கால் மணித்தியாலம் கழித்துத்தான் அவளுடைய விரல்கள் பச்சையாக இருப்பதைக் கண்டோம். அந்த ஐந்து பேரில் ஒருத்தி வைத்தியர். யார் என்று உங்களுக்குத் தெரியும்.

பழைய எனமல் பெயின்ட்களில் ஈயம் சேர்த்தார்கள். நிறம் பளிச்சென்று இருக்கவும், சீக்கிரம் காயவும், ஈரத்தைத் தாங்கவும் அது உதவியது. இந்த அளவுக்குப் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய ஈய அளவு எதுவும் இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. விழுங்கிய ஈயத்தில் பெரியவர்களைவிட நான்கு ஐந்து மடங்கு கூடுதலாகச் சிறுபிள்ளைகளின் உடல் உறிஞ்சிக்கொள்ளும். அது மூளை வளர்ச்சியைத் தாக்கும், படிப்பையும் கவனத்தையும் குறைக்கும். எலும்பில் தங்கியிருந்து, கர்ப்ப காலத்தில் தாயிடமிருந்து சிசுவுக்கும் போகும். இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளையின் உடல் ஈயத்தை இன்னும் கூடுதலாக ஏற்கும். எங்கள் தோட்டப்புறங்களில் இரத்தச்சோகை எவ்வளவு சாதாரணம் என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

இலங்கையில் இதற்குச் சட்டம் உண்டு. நுகர்வோர் விவகார அதிகார சபை 2011இல் வெளியிட்ட பணிப்புரை 2013 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விளையாட்டுப் பொருள்களுக்குப் பூசும் பெயின்ட்டில் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேலும், எனமலில் 600 பங்குக்கு மேலும் ஈயம் இருக்கக்கூடாது என்பது அதில் வகுத்த வரம்பு. சட்டம் கடையில் விற்கும் புது டின்னுக்குத்தான். அதற்கு முன்னர் எங்கள் அலுமாரியிலும் கட்டிலிலும் யன்னலிலும் பூசியது அங்கேயேதான் இருக்கிறது. கண்ணால் பார்த்து ஈயம் உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது. அந்தப் பச்சையில் இருந்ததா என்று எங்களுக்கும் இன்றுவரை தெரியாது. தெரியாதபோது இருக்கிறது என்றே எண்ணி நடக்க வேண்டும்.

அன்று பிள்ளையைக் கழுவி, உடுப்பை மாற்றி, தூக்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் தூளைக் கூட்டவில்லை, கூட்டினால் பறக்கும். ஈரத்துணியால் மூன்று முறை துடைத்தோம். பிள்ளையை மறுவாரம் சிறுபிள்ளை வைத்திய நிபுணரிடம் காட்டினோம். அவளுக்கு இரத்தச்சோகை இருந்தது அப்போதுதான் தெரியவந்தது. இரும்புச்சத்து மருந்து கொடுத்து, தொடர்ந்து பார்த்து வருகிறார்கள். இப்போது ஓடி விளையாடுகிறாள்.

ஆகவே வீட்டில் பழைய தளபாடத்துக்குக் கை வைப்பவர்களுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள்.

2013க்கு முன் பூசிய எதையும் காய்ந்த நிலையில் தேய்க்க வேண்டாம், நெருப்பால் வாட்டவும் வேண்டாம். பூச்சு உறுதியாக ஒட்டியிருந்தால் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, அதன்மேலேயே சோக் பெயின்ட்டைப் பூசுங்கள். அந்த வகையில் இது நல்ல பெயின்ட், தேய்க்காமல் மூடிவிடுகிறது. உரிந்திருந்தால் வெளியில் வைத்து, தண்ணீர் தெளித்து, ஈரமாகவே சுரண்டி, செதில்களைப் பையில் கட்டி அகற்றுங்கள். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரக்கூடாது. சாதாரணத் துணி முகமூடி இந்தத் தூளுக்குப் போதாது. முக்கியமாக, பெயின்ட் பூசிய பழைய பலகையை அடுப்பில் வைக்காதீர்கள். விறகுக்குத் தட்டுப்பாடுதான், ஆனால் அந்தப் புகையும் சாம்பலும் குசினியிலேயே தங்கும்.

இரண்டாவது, எங்கள் ஊரின் மழை. பக்கத்து வட்டவளையில் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. சோக் பெயின்ட் ஈரத்தை உறிஞ்சும், பூஞ்சணம் பிடிக்கும். தை, மாசியில் வேலையை முடித்து, மெல்லியதாக இரண்டு தரம் மெழுகு பூசுங்கள். தேத்தண்ணிக் கோப்பை வைக்கும் மேசையானால் மெழுகு போதாது, தண்ணீரில் கரையும் வார்னிஷ் பூசுவது நல்லது.

மூன்றாவது, பலாப் பலகைக்கும் தேக்குக்கும் பெயின்ட் அடிக்காதீர்கள். அந்த மரத்தின் அழகைப் பெயின்ட் தராது. அதோடு, பலாவின் மஞ்சளும் மஹோகனியின் சிவப்பும் வெள்ளைப் பூச்சின் ஊடாகக் கறையாக வெளியே வரும். பூசியே ஆகவேண்டும் என்றால் முதலில் ஷெலாக் பூசி அடைக்க வேண்டும்.

கடைசியாக, அந்தத் தேயிலைப் பெட்டி அலுமாரி. அதைப் பிள்ளைகளின் வாசிப்பு மூலைக்குக் கொடுப்பதில்லை என்று தீர்மானித்தோம். கதவு திறந்து மூடும்போது உள்பூச்சு உராய்ந்து மறுபடி தூள் வரும். அம்மாவுக்கு மனவருத்தம். “எம் புள்ளைய படிக்க வச்ச பெட்டி, இஸ்கூலுக்கு ஆகாதா?” என்று கேட்டார். நாங்கள் விளக்கிச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப எந்தப் புள்ளைக்கும் வேணாம்” என்றார்.

உரிந்ததை ஈரமாகச் சுரண்டி, வெள்ளைப் பூசி, மெழுகிட்டு, கதவை நிரந்தரமாக அடைத்துவிட்டோம். அலுமாரி இன்று பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில், அதிபர் அறையில், பழைய புகைப்படங்களுக்கு அடியில் இருக்கிறது. வாசிப்பு மூலைக்கு, இதுவரை பெயின்ட் படாத சவுக்குப் பலகையில் புது றாக்கைகள் செய்து, நாங்கள் கலந்த பெயின்ட்டை அடித்திருக்கிறோம். மாணவச் செல்வங்களே, அவற்றை நீங்கள் தாராளமாகத் தொடலாம், சாயலாம், ஏறியும் பார்க்கலாம். புத்தகத்தை மட்டும் திருப்பி வைத்துவிடுங்கள்.