இல்லத்திற்கேற்ற இலவச மின்னஞ்சல் செயலி
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கம்பனும் வள்ளுவனும் முழங்கிய மேடையில் கம்ப்யூட்டர் பேச்சா என்று நகைக்க வேண்டா. நாங்கள் பொறியியல் கற்றவர்களல்லோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்து, பார்சல் ஆபீஸில் பேரேடு எழுதும் குமாஸ்தாக்கள். பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்ல வந்திருக்கிறோம்.

நம் காலனியில் பல வீடுகளில், விண்டோஸோடு கூடவே வந்த ‘மெயில்’ என்னும் செயலியில்தான் கடிதம் பார்த்து வந்தோம். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2024 டிசம்பர் 31ஆம் தேதியோடு அதற்குரிய ஆதரவை முடித்துக்கொண்டது. அதற்கு மாற்றாக அந்நிறுவனம் தரும் புதிய ‘அவுட்லுக்’ இலவசந்தான். ஆயினும் சந்தா கட்டாதவர்க்குக் கடிதங்களின் நடுவே விளம்பரம் காட்டுகிறது. ஜிமெயில் போன்ற பிறர் கணக்கை அதில் சேர்த்தால், அக்கடிதங்களையும் தன் சர்வரில் படியெடுத்து வைத்துக்கொள்கிறது. வீட்டுக் கடிதம் இன்னொரு வீட்டிலும் ஏன் கிடக்க வேண்டும் என்று கேட்பவர் வேறு செயலி தேடவே செய்வர்.

“பிரௌசரில் திறந்து பார்த்தால் ஆகாதா?” என்று சென்ற வாரம் ஓர் அன்பர் வினவினார். ஆகும். ஆனால் கூகுள் இலவசமாகத் தரும் இடம் 15 ஜிபி. கடிதம், புகைப்படம், கோப்பு அனைத்திற்கும் சேர்த்தே அவ்வளவு. பேரன் பேத்திகளின் படங்களால் அது நிறைந்துவிட்டால் புதுக் கடிதம் வருவதும் நின்றுபோகும். ஈராண்டுகள் எட்டிப் பாராத கணக்கை நீக்கிவிடும் வழக்கத்தையும் அந்நிறுவனம் 2023 டிசம்பரில் தொடங்கியிருக்கிறது.

இனி, எங்கள் வீட்டுக் கதை. திருவாரூரிலிருந்த எங்கள் தமையனார் ஆறாண்டுக் காலம் மின்னஞ்சலில் எங்களுக்குக் கடிதம் எழுதினார். வயலில் நாற்று நட்டது, கமலாலயக் குளத்தில் நீர் ஏறியது, அம்மாவின் கண் சிகிச்சை, எல்லாம் தமிழில், ஒரு விரலால் தட்டியது. பின்னர் அவர் மறைந்தார். ஓராண்டு கழித்து எங்கள் பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் பழுதாயிற்று. சர்வரில் இருக்குமென்று நம்பிப் பார்த்தோம், ஒன்றுகூட இல்லை. அச்செடுத்து வைத்திருந்த நான்கு கடிதங்களே இன்று மிச்சம். பிழை எங்களுடையது.

அப்பிழை எதுவென்று சொல்லிவிடுகிறோம். செயலி கடிதத்தைப் பெறும் முறைகள் இரண்டு. ‘பாப்’ என்பது பார்சலை டெலிவரி எடுப்பது போன்றது. கையெழுத்திட்டுத் தூக்கிச் சென்றுவிட்டால் ஸ்டேஷனில் அதன் சுவடே இராது. ‘சர்வரிலும் ஒரு படி வைத்திரு’ என்னும் கட்டத்தில் குறியிட்டிருந்தால் நாங்கள் தப்பியிருப்போம், இடவில்லை. ‘ஐமேப்’ என்பதோ, சரக்கு கிடங்கிலேயே இருக்க, நாம் பேரேட்டை இருந்த இடத்திலிருந்தே பார்ப்பது. கைபேசியில் படித்தது வீட்டுக் கம்ப்யூட்டரிலும் படித்ததாகவே தெரியும். இல்லங்களுக்கு ஐமேப்பே ஏற்றது. ஆயினும் ஓர் ஆபத்துண்டு: கைபேசியில் குழந்தை அழித்தால் கம்ப்யூட்டரிலும் அழிந்துபோகும்!

பல செயலிகளைப் பார்த்தபின் நாங்கள் கொண்டது ‘தண்டர்பேர்ட்’. மொசில்லாவினர் 2004 டிசம்பரில் இதன் முதற்பதிப்பை வெளியிட்டனர். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 2024 முதல் ஆண்ட்ராய்டு கைபேசிக்கும் வந்திருக்கிறது. விளம்பரமில்லை. பயன்படுத்துவோர் தரும் நன்கொடையிலேயே பெரிதும் நடக்கிறது. இயன்றவர் ஏதேனும் அனுப்புவது நன்று. எத்தனை கணக்கானாலும் ஒரே சாளரத்தில் பார்க்கலாம். நாட்காட்டியும் உள்ளேயே உண்டு.

எங்களை ஈர்த்தது வேறொன்று. அதில் ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ என்றொரு பெட்டி இருக்கிறது. வேண்டிய கடிதங்களை அதனுள் படியெடுத்துவிட்டால், சர்வரில் எது அழிந்தாலும் அவை நம் கம்ப்யூட்டரில் நிற்கும். அவற்றைச் சாதாரண எழுத்துக் கோப்பாகவே அது வைக்கிறது. பிற்காலத்தில் தண்டர்பேர்டே இல்லாது போனாலும் வேறு செயலியால் படிக்க இயலும். ‘ப்ரொஃபைல்’ என்னும் அதன் கோப்புறையை முழுதுமாகப் பென் டிரைவில் படியெடுத்து அலமாரியில் பூட்டிவிடலாம். எங்கள் இல்லத்தில் மாதந்தோறும் முதல் ஞாயிறன்று இது நடக்கிறது. நடக்காத மாதம் வீட்டம்மாள் நினைவூட்டுகிறார்.

குறைகளும் உண்டு. பொத்தான்கள் அதிகம், வயதானவர்க்கு முதல் வாரம் தலை சுற்றும். விண்டோஸ் 7 வைத்திருப்போர்க்கு 115ஆம் பதிப்பே கடைசி. பெயரைத் தேடினால் போலித் தளங்களும் எதிர்ப்படும் ஆகையால், ‘தண்டர்பேர்ட் டாட் நெட்’ என்னும் முகவரியில் மட்டுமே இறக்கிக்கொள்ளுங்கள். லினக்ஸ் வைத்திருக்கும் இளைஞர்க்கு ‘எவல்யூஷன்’ என்னும் இலவசச் செயலியும் உண்டு. மேக் உடையவர்க்குக் கூடவே வருவது ஒன்றுண்டு. அவர்கள் அவசரப்பட வேண்டா.

நிறுவுவதற்குக் கால் மணி நேரம் போதும். பெயர், முகவரி இரண்டையும் எழுதினால், பெரும்பாலான கணக்குகளுக்கு மற்றவற்றை அதுவே கண்டுகொள்ளும். ஜிமெயிலானால் கூகுளின் பக்கம் ஒன்று திறந்து அனுமதி கேட்கும், அது முறையானதே.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க நூலகத்தில் இருப்போம். விரும்புவோர் மடிக்கணினியோடு வரலாம். கடவுச்சொல்லை எங்களிடம் சொல்ல வேண்டா. நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம், நீங்களே தட்டிக்கொள்ளுங்கள்.